வாலட்டுக்கு பாஸ்வேர்ட் போட்டாச்சு, அப்புறம் எப்படி பேலன்ஸ் வெளிய தெரியுது?

கேள்வி: டிசைன் வேலை பண்றேன், வெளிநாட்டு கிளையன்ட்ஸ் பிட்காயின்ல பணம் அனுப்புறாங்க. வாலட்ட பாஸ்வேர்ட் போட்டு என்க்ரிப்ட் பண்ணிதான் வெச்சிருக்கேன். ஆனா ஒரு கிளையன்ட் என்கிட்ட எவ்வளவு இருக்குன்னு கரெக்டா சொல்லி ரேட்ட குறைக்கச் சொல்றார். ஹேக் ஆயிடுச்சா?

பதில்: ஹேக் எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. அந்த பாஸ்வேர்ட் காப்பாத்துறது உங்க மெஷின்ல இருக்கிற பிரைவேட் கீய, அதாவது காச செலவு பண்ண வேண்டிய ரகசிய சாவிய மட்டும்தான், லேப்டாப் திருடு போனா காசும் சேர்ந்து போகாம இருக்க அது அவசியம். ஆனா 2009ல பிட்காயின் ஆரம்பிச்ச நாள்லேருந்து அதுல நடக்கிற வரவு செலவு எதுவுமே என்க்ரிப்ட் ஆகுறதில்ல, அங்க இருக்கிற கிரிப்டோகிராஃபி டிஜிட்டல் கையெழுத்து, காசு உங்களோடதுன்னு நிரூபிக்குமே தவிர எதையும் மறைக்காது. பேர் இருக்காது, அக்கவுண்ட் நம்பர் மாதிரி ஒரு அட்ரஸ்தான் இருக்கும், அந்த அட்ரஸ நீங்களே இன்வாய்ஸ்ல போட்டுக் குடுத்துட்டீங்க, அவர் பிளாக் எக்ஸ்ப்ளோரர்ல (யார் வேணும்னாலும் பிட்காயின் வரவு செலவ பார்க்கிற வெப்சைட்) தட்டிப் பார்த்திருப்பார், அவ்ளோதான்.

இனிமே இன்வாய்ஸுக்கு ஒரு புது அட்ரஸ். ஒரே சீட்லேருந்து (வாலட் ஆரம்பிக்கும்போது எழுதி வெச்சுக்கச் சொல்ற வார்த்தைகள்) எத்தனை வேணும்னாலும் வரும், காசு செலவில்ல.

முக்கால்வாசிப் பேர் இதோட விட்டுடுவாங்க, மாட்டுறது செலவு பண்ணும்போதுதான். ஒருத்தர் 0.01 பிட்காயின் அனுப்பியிருக்கார், இன்னொருத்தர் 0.02, நீங்க யாருக்கோ 0.025 அனுப்பணும்னா வாலட் ரெண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல சேர்த்துடும், முதல் ஆள் தன் காசு எங்க போச்சுன்னு பார்த்தா பக்கத்துலயே அந்த 0.02 நிக்கும், ரெண்டும் ஒரே ஆளுதுன்னு புரிஞ்சிடும், ஃபீஸ் போக மீதி திரும்பி வர்ற அட்ரஸையும் அனேகமா ஊகிச்சிடலாம். ஸ்பாரோ, எலக்ட்ரம் மாதிரி வாலட்ல காயின் கன்ட்ரோல் இருக்கு, எந்தக் காச செலவு பண்றதுன்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எந்தக் காசு எந்த கிளையன்ட்டோடதுன்னு லேபிள் போட்டு, முடிஞ்சவரை கலக்காம தனித்தனியா எடுத்து அனுப்புங்க.

தொகையே தெரியக்கூடாதுன்னா வேற காயின்தான். 2016ல வந்த ஜீகேஷ்ல அனுப்பினவர், வாங்கினவர், தொகை எல்லாமே என்க்ரிப்ட் ஆகும், விவரத்த காட்டாமலே கணக்கு சரிதான்னு ஜீரோ நாலெட்ஜ் புரூஃப்ங்கிற கணித நிரூபணம் சொல்லும். ஆனா ரெண்டு பக்கமும் ஷீல்டட் அட்ரஸா (இப்படி மறைக்கிற வகை) இருந்தாதான், டிரான்ஸ்பரன்ட் அட்ரஸ்ல வாங்கினா பிட்காயின் மாதிரியே திறந்து கிடக்கும். மொனேரோல இந்த சாய்ஸே கிடையாது, எப்பவுமே மறைச்சுதான் போகும், அதனாலயே நான் அத நம்புறேன், ஆனா நிறைய எக்ஸ்சேஞ்ச்ல அத தூக்கிட்டாங்க, பணமாக்குறது கஷ்டம்.

டாக்ஸ் கணக்குக்கு ஆடிட்டர் கேட்டா டிரான்சாக்‌ஷன் லிஸ்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுங்க, எக்ஸ்பப்ப (உங்க அட்ரஸ் எல்லாத்தையும் உருவாக்குற பப்ளிக் கீ) மட்டும் எந்தக் காரணத்துக்கும் குடுத்துடாதீங்க, அத வெச்சு காச எடுக்க முடியாதுதான், ஆனா அந்த அக்கவுண்ட்ல இதுவரைக்கும் வந்த அட்ரஸ், இனிமே வரப்போற அட்ரஸ் அத்தனையும் பார்த்துடலாம்.