கேளுங்கள், சொல்கிறேன்

குருதிப்புனலின் ஒளிப்பதிவாளர் யார், இயக்குநர் யார்? எங்கள் வீட்டில் பெரிய சண்டை! – வாசகி, உடுமலை

சண்டையை நிறுத்துங்கள். இரண்டும் பி.சி. ஸ்ரீராம்தான். அவருக்கு இது இயக்குநராக இரண்டாவது படம். முதல் படம் மீரா. கோவிந்த் நிஹலானி இந்தியில் எடுத்த துரோக்காலின் மறு ஆக்கம் இது. வசனம் கமல்.

1995 தீபாவளிக்கு வந்தது. அதே நாளில் முத்து! அங்கே டிக்கெட் கிடைக்காமல்தான் இங்கே நுழைந்தேன், மறைப்பானேன். பக்கத்து சீட்டுக்காரர் பீடியையும் தீப்பெட்டியையும் கையிலேயே வைத்திருந்தார், பாட்டு வந்ததும் வெளியே போக. வரவே இல்லை, படத்தில் பாட்டே கிடையாது. இடைவேளையில்தான் மனிதர் பற்றவைத்தார். பின்னணி இசை மகேஷ், நம்மவரில் அறிமுகமானவர்.

அர்ஜுன் நன்றாகச் செய்தாரா, நாசரா? – வாசகர், தேனி

நாசர். கைதியாக உட்கார்ந்துகொண்டே விசாரிக்கிற கமலைப் பதற வைக்கிறாரே, அதற்கு எத்தனை சண்டைக் காட்சியும் ஈடாகாது. அர்ஜுனுக்கு அப்பாஸ் வேடம். ஆக்‌ஷன் கிங்கை அடக்கி வாசிக்க வைத்ததே சாதனை. மேலதிகாரியாக வருகிற கே. விஸ்வநாத்தை விட்டுவிட்டீர்களே! சங்கராபரணம் எடுத்தவருக்குப் போலீஸ் வேடம் கொடுக்க யாருக்குத் தோன்றியதோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ஆஸ்கருக்குப் போனதாமே? – அதே தேனி வாசகர்

இந்தியா அனுப்பியது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.