பர்மிங்காம் ஓவியக் கூடத்துக்குப் படங்கள் எப்படிச் சேர்ந்தன?

இங்கிலாந்தின் பர்மிங்காம் 1889 வரை மாநகரம்கூட இல்லை, தொழிற்சாலை நகரம்தான். அங்கே இவ்வளவு நல்ல ஓவியங்கள் எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கொடை.

முதலில் சொல்ல வேண்டியவர்கள் உள்ளூர்த் தொழிலதிபர்களான டாங்கி சகோதரர்கள். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பலைக் தண்ணீரில் இறக்கப் பயன்பட்ட ஹைட்ராலிக் ஜாக்கிகள் (திரவ அழுத்தத்தால் பெரும் பாரத்தை நகர்த்தும் கருவிகள்) இவர்கள் செய்தவை. 1880-இல் கலைப் படைப்புகள் வாங்க 10,000 பவுண்டு தர முன்வந்தார்கள். ஒரே நிபந்தனை: நகராட்சி கட்டடம் தர வேண்டும்.

கட்டடத்துக்குப் பணம்? நூலகம், அருங்காட்சியகத்துக்கு வரிப்பணத்தை இஷ்டத்துக்குச் செலவிடச் சட்டம் விடவில்லை. அப்போது எரிவாயு விநியோகம் நகராட்சியின் கையில் இருந்தது. அந்தத் துறையின் பணத்தில் அதற்கு அலுவலகம் கட்டி, அதன் மேல்மாடியில் கூடத்தை அமைத்தார்கள். 1885-இல் திறந்தார்கள். 'தொழிலின் லாபத்தால் கலையை வளர்க்கிறோம்' என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

அப்புறம் 1900-களின் தொடக்கத்தில், சேகரிப்பாளர் ஃபேர்ஃபாக்ஸ் மர்ரேயிடம் இருந்த ஏராளமான பிரி-ராஃபலைட் (19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் குழு) கோட்டோவியங்களை உள்ளூர் நன்கொடையாளர்கள் சேர்ந்து வாங்கி ஊருக்குக் கொடுத்தார்கள். இன்று அந்தக் கூடத்தின் பெயர் உலகெங்கும் தெரிவதற்கு அந்தத் தொகுப்பு ஒரு முக்கியக் காரணம்.