வெறுங்காலோடு ஒரு மணி நேரம்

கேள்வி: நத்தார் ஆராதனைக்கு மகளின் இந்துத் தோழியைக் கூட்டிப் போனோம். "ஒன்றும் விளங்கவில்லை, யாரும் என்னோடு கதைக்கவுமில்லை" என்றாள். சபை பற்றித் தெரியாத பிள்ளையின் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: எடுக்கத்தான் வேண்டும், அக்கா. எங்கள் சபையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்து லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே பார்த்தால் எல்லோரும் சப்பாத்தோடு. திரும்பப் போய் மாட்டுவதா விடுவதா என்று சொல்ல ஆளில்லை. குளிர்ந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம்! அப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்: "நாற்பது பேருக்கு எதற்கு ஐயா இவ்வளவு பெரிய மைக் செட்? முன் வாங்கு ஏன் காலி?" இருபது வருஷமாக அந்த வாங்கு என் கண்ணில் படவேயில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுலும் 1 கொரிந்தியர் 14:23இல் இதைத்தான் யோசிக்கிறார்: எல்லோரும் மற்றவருக்கு விளங்காத அந்நிய பாஷையில் பேசினால், உள்ளே வரும் வெளியாள் உங்களைப் பைத்தியம் என்பாரே என்று. பிரசங்கம் பிடித்ததா என்பது வேறு கதை, அதை விடுங்கள். பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, எந்த இடத்தில் விளங்காமல் போனது என்று கேளுங்கள். ஓசன்னா என்ற துதிச் சொல்லா, அடிக்கடி எழும்புவதும் உட்காருவதுமா? சொன்னதைக் குறைக்காமல் உங்கள் போதகரிடம் கொண்டுபோங்கள்.