நாற்பது தாள், ஒரே கட்டுரை

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில், இரண்டாம் ஷிஃப்டில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் பாடத்துக்கு ‘சென்னை வெள்ளம்: காரணங்களும் தீர்வுகளும்’ என்று அசைன்மென்ட் கொடுத்தேன். 58 பேரில் 40 பேர் ஒரே மாதிரி எழுதி வந்தார்கள். சாட்ஜிபிடி எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, மாட்டியவர்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டேன். அதில் ஒரு பெண், “நானே எழுதினது மேடம்” என்று அழுதுவிட்டாள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இனி அசைன்மென்டே வேண்டாம், எல்லாவற்றையும் பரீட்சையாக வைத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மாதிரி இணையதளம் சொல்வதை நம்பி மதிப்பெண் போட முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அவர்கள் சோதித்தபோது, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று தவறாக வந்தது. தெரிந்த சில சொற்களையே வைத்துச் சிக்கலில்லாமல் எழுதினால், கருவிக்கு அது இயந்திரம் எழுதியது போலத் தெரிகிறது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த பெண் ஆங்கிலத்தில் வேறு எப்படி எழுதுவாள்?

நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். ஒரு மாணவனைப் பார்த்து, “இது உன் எழுத்து இல்லை” என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அது அவன் எழுத்துதான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நீங்கள் தூக்கம் வராமல் தவிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மாணவி இன்னும் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சரி, அசைன்மென்டுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த தலைப்பை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதற்கு விடை எழுத ஒருவர் சென்னையில் வசிக்கவே வேண்டாம். சாட்ஜிபிடி இல்லாத காலத்திலும் இப்படிப்பட்ட தலைப்புக்குச் சீனியர் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். கையெழுத்து வேறாக இருந்ததால் நாம் கண்டுகொள்ளவில்லை.

உங்கள் வகுப்பில் வேளச்சேரிப் பையன் இருப்பான், வியாசர்பாடிப் பெண் இருப்பாள். 2015 டிசம்பரில் சின்னப் பிள்ளைகளாக மொட்டை மாடியில் நின்றவர்கள், 2023-ல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே மாடிக்கு ஏறியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: உன் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? சுவரில் கறை இருந்தால் டேப் வைத்து அளந்து வா. எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது? தெருவில் பெரியவர்கள் இரண்டு பேரைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வா.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இதைச் செய்து பார்த்தார். ஒரு பையன் நோட்டில் இப்படி இருந்தது: “கீழ்வீட்டுப் பாட்டி, பீரோவில் ரெண்டாவது தட்டு வரை தண்ணி என்றார். அளந்தேன், 2 அடி 7 அங்குலம். பத்திரம் மூணாவது தட்டில் இருந்ததால் தப்பித்தது.” இதை எந்தச் செயலியும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தப் பையன் அடுத்த வாரம் தானாகவே வந்து, எங்கள் ஏரியாத் தண்ணீர் எங்கே போக வேண்டும் மேடம் என்று கேட்டானாம். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022-ல் பெற்ற அந்தச் சதுப்புநிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை, தன் வீட்டுப் பீரோவை அளந்த பிள்ளையிடம் சொன்னால் அவன் காது கொடுத்துக் கேட்பான்.

இந்தக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுத விடுங்கள். பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் ஓடுவதற்குச் சோம்பலை விட ஆங்கில பயம்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பிறகு வகுப்பில் உட்கார்ந்து, அந்த நோட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கம் கையால் எழுதட்டும்.

ஏஐ-யை ஒளித்துவைக்கவும் வேண்டாம். அதே தெருவைப் பற்றி அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலைப் பிரின்ட் எடுத்து வந்து, எது தப்பு, எது பொதுப்படையான பேச்சு என்று சிவப்பு மையில் குறிக்கட்டும். அது புத்தகப் பெயர் ஏதாவது சொல்லியிருந்தால், கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ போய்த் தேடிப் பார்க்கட்டும். இல்லாத புத்தகத்துக்குக்கூட அது ஆசிரியர் பெயரும் ஆண்டும் சொல்லும். ஒரு தடவை அலைந்து ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை சரிபார்க்காமல் எழுத மாட்டான்.

கடைசியாக, ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிடம் பேசுங்கள். 58 பேருக்கு 174 நிமிடம், நாலு பீரியட் போதும். “இந்தப் பாட்டியை எப்படிப் பேச வைத்தாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே, போய்வந்தவன் யார், போகாதவன் யார் என்று தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் பாதியை இந்தப் பேச்சுக்கே வையுங்கள்.

எல்லாவற்றையும் பரீட்சையாக்க வேண்டாம். செமஸ்டர் தேர்வு எப்படியும் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போய்விட்டு மதியம் உங்கள் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு, தன் தெருவை நின்று பார்க்க இந்த அசைன்மென்டை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

பூஜ்யம் வாங்கிய மற்றவர்களுக்கும் இதையே மறுபடி செய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அந்தப் பெண்ணை மட்டும் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். அவளுடைய பழைய தாளை எதிரில் வைத்து, அதைப் பற்றி அவளையே பேசச் சொல்லிக் கேளுங்கள். இன்டர்னல் மார்க் ஏற்றும் கடைசித் தேதி எது என்று நாளைக்கே ஆபீஸில் விசாரித்துவிடுங்கள்.