கறுப்பின அமெரிக்காவின் ஓய்வுப்பொழுது, ஓவியத்திலும் திரையிலும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் இனப் பிரிவினை நடப்பிலிருந்த காலத்தில் கறுப்பின மக்கள் கூடிக் களித்த கடற்கரைகள், நடன விடுதிகள் ஆகியவற்றைக் காட்டும் கலைப்படைப்புகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: இவை எத்தகைய இடங்கள்?

பதில்: ஓர் எடுத்துக்காட்டு போதும். புளோரிடாவின் பொதுக் கடற்கரைகளில் கறுப்பின மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்த நிலையில், ஆஃப்ரோ-அமெரிக்கன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை நடத்திவந்த ஏ. எல். லூயிஸ், 1935இல் அமீலியா தீவில் ‘அமெரிக்கன் பீச்’ என்ற விடுமுறை ஊரை உருவாக்கினார். ‘அவமானமின்றி ஓய்வும் பொழுதுபோக்கும்’ என்பது அதன் முழக்கம். ஒரு கடற்கரை ஊர் தன் சிறப்பாக இதைச் சொல்லிக்கொள்ள நேர்ந்ததே அக்காலத்தைப் பற்றிப் போதுமான அளவு கூறிவிடுகிறது.

கேள்வி: ஓவியங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: கறுப்பின ஓவியர் ஆர்ச்சிபால்ட் மோட்லி 1943இல் தீட்டிய ‘நைட்லைஃப்’ ஓவியத்திலிருந்து தொடங்குங்கள். சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் பகுதியின் இரவு விடுதியொன்று அதில் செவ்வூதா ஒளியில் மூழ்கிக் கிடக்கிறது. சுவர்க் கடிகாரம் ஒரு மணியைக் காட்டியும் எவரும் வீடு திரும்பும் எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்தைச் சிகாகோ கலைக் கழகம் 1942இல் வாங்கியிருந்தது. அதை மோட்லி பார்த்திருந்தார். ஹாப்பரின் உணவகத்தில் நால்வர் ஒட்டாமல் அமர்ந்திருக்க, மோட்லியோ தம் விடுதியில் கால்வைக்க இடமின்றி ஆட்களை நிரப்பிவிட்டார். அவர் குடியிருந்தது வெள்ளையர் மிகுந்த எங்கல்வுட் பகுதியில் என்பதால், பிரான்ஸ்வில்லை அவர் வந்துபோகும் ஒருவராகவே பார்த்தார். சில முகங்கள் கேலிச்சித்திரத்தின் எல்லையைத் தொடுவது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அக்காலத் திரைப்படங்களில் இவை பதிவாகியுள்ளனவா?

பதில்: புகழ்பெற்ற கறுப்பின நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸை வைத்து 1913இல் படமாக்கப்பட்டு, முடிக்கப்படாமலே கிடந்த ‘லைம் கில்ன் கிளப் ஃபீல்ட் டே’ படத்தின் சுருள்கள், 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தை வந்தடைந்தன, பொதுமக்கள் அவற்றைப் பார்க்க 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. கறுப்பினத்தவரைக் கேலியாகக் காட்ட முகத்தில் கரிப்பூச்சுடன் நடிக்கும் அக்கால மேடை வழக்கத்திலிருந்து வில்லியம்ஸ் தப்பவில்லை என்றாலும், கதையில் வரும் சங்கத்தின் உல்லாச நாளில் அவரும் காதலியும் ராட்டினத்தில் சுற்றுவதும் முத்தமிட்டுக்கொள்வதும் அக்காலப் படங்களில் காண அரிதான இயல்புடன் அமைந்துள்ளன. இக்காட்சிகளைத் தாம் புதிதாக எடுத்தவற்றுடன் இணைத்தே இயக்குநர் கேரட் பிராட்லி 2019இல் ‘அமெரிக்கா’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்கினார். தென் மாநில நடன விடுதிகளைப் பார்க்க விரும்புவோர் ஸ்பென்சர் வில்லியம்ஸின் ‘ஜூக் ஜாயிண்ட்’ (1947) படத்தையும் தேடலாம்.

கேள்வி: பாரடைஸ் பார்க் புகைப்படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்களே, நம்பலாமா?

பதில்: சிரிப்பை நம்பலாம், படச்சட்டத்தை ஐயத்துடன் பாருங்கள். புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் சுற்றுலாத் தலத்தை நடத்தியவர்கள், கறுப்பின மக்களுக்கெனத் தனியே 1949 முதல் 1969 வரை இப்பூங்காவை நடத்தினார்கள். விளம்பரத்துக்காகப் படமெடுத்த புரூஸ் மோசர்ட் வெள்ளையர். ஒரே ஆற்றில் இரு பூங்காக்கள் இருந்த செய்தி எந்தப் படத்துக்குள்ளும் வரவில்லை.

கேள்வி: இன்றைய ஓவியர் டெரிக் ஆடம்ஸ் நீச்சல் குளத்தையே மீண்டும் மீண்டும் வரைவது ஏன்?

பதில்: 1919இல் சிகாகோ ஏரிக்கரையில், யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுச் சிறுவன் வெள்ளையர் பகுதியையும் கறுப்பினத்தவர் பகுதியையும் பிரித்த எழுதப்படாத எல்லையைத் தாண்டி நீரில் மிதந்ததற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தான், தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். இதை நினைவில் கொண்டு பார்க்கையில், ஆடம்ஸின் ‘ஃப்ளோட்டர்’ வரிசையில் காற்றடைத்த மிதவைகள்மீது கறுப்பின மக்கள் கவலையின்றிச் சாய்ந்திருப்பது சாதாரணக் காட்சியாகத் தோன்றாது. இந்த வரிசையில் ஆடம்ஸ் அந்தக் கலவரத்தை வரையவில்லை. அவருடைய மனிதர்கள் வெறுமனே மிதக்கிறார்கள்.