ஆறாத புண்: கிருமியா, புற்றா, இரண்டுமா?

கேள்வி: அப்பாவுக்குச் சின்ன வயதில் காலில் பட்ட தீக்காயத் தழும்பில் ஆறு மாதமாகப் புண். சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்திருக்கிறது. அப்படியென்றால் புற்றுநோய் இல்லைதானே டாக்டர்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. திறந்து கிடக்கும் புண் எதிலும் கிருமி குடியேறும், புற்றுப் புண்ணிலும்தான். ஆன்டிபயாட்டிக்கில் சீழும் நாற்றமும் குறையலாம். அடியில் இருக்கும் கட்டி குறையாது. பழைய தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்து வரும் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். விளிம்பு காலிஃபிளவர் மாதிரி தடித்திருந்தாலோ, தொட்டதும் ரத்தம் கசிந்தாலோ சந்தேகம் கூடுகிறது. இவை இல்லாவிட்டாலும், ஆறு மாதம் ஆறவில்லை என்பதே, திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குப் போதும்.

கேள்வி: சார், நான் மருத்துவ மேற்படிப்பு (பிஜி) முதல் வருடம். பயாப்சிக்கு எங்கே, எவ்வளவு எடுப்பது?

பதில்: நடுவில் எடுத்தால் அழுகின திசுதான் வரும். தடித்த விளிம்பில், பக்கத்துத் தோலும் கொஞ்சம் சேரும்படி, கொழுப்பு வரை ஆழமாக, இரண்டு மூன்று இடங்களில் எடுங்கள். வட்டமாகத் துளைத்து எடுக்கும் 3 மி.மீ. பஞ்ச் வேண்டாம், ஆப்பு வடிவில் வெட்டுவதே மேல். ஒரு பங்கு 10% ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு அளவில். இன்னொரு பங்கு ஸ்டெரைல் சலைனில், உடனே மைக்ரோபயாலஜிக்கு: பாக்டீரியா, பூஞ்சை, டிபி மூன்றுக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு மறுநாள் கல்ச்சர் கேட்பது வார்டில் வாடிக்கை. செத்த கிருமி வளராது.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'சூடோஎபிதீலியோமேட்டஸ் ஹைப்பர்பிளேசியா' (புற்று போலத் தோன்றும் மேல்தோல் மிகை வளர்ச்சி) என்று இருக்கிறது. புற்று இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: இங்கேதான் இரண்டு பக்கமும் வழுக்கும். தோல் டிபியும் ஆழ்பூஞ்சையும் மேல்தோலைப் புற்று போலவே வளரவைக்கும். நன்கு முதிர்ந்த செல்கள் கொண்ட ஸ்குவாமஸ் புற்றோ (மேல்தோல் செல்களில் வருவது), மேலோட்டமான துண்டில் வெறும் வளர்ச்சியாகத் தெரியும். துண்டில் அடிப்பகுதி இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்து விடுவதும் தப்பு, காலை எடுப்பதும் தப்பு. மறுபடி ஆழமாக எடுங்கள். பூஞ்சையைக் காட்டும் பிஏஎஸ், டிபி கிருமியைக் காட்டும் இசட்என் ஸ்டெயின்கள் (நிறமேற்றும் சோதனைகள்) கேளுங்கள். புண்ணின் வயது, தழும்பு, சந்தேகம் எல்லாம் படிவத்தில் இருக்கட்டும். 'ஆறாத புண்' என்று மட்டும் எழுதினால் பேத்தாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? கிருமி கிடைத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள். பல வருடம் இருந்த லூபஸ் வல்காரிஸிலும் (தோல் டிபி), குரோமோபிளாஸ்டோமைகோசிஸிலும் (ஆழ்பூஞ்சை நோய்) ஸ்குவாமஸ் புற்று வருவது தெரிந்ததே. மருந்து சரியாகப் போயும் ஓர் ஓரம் மட்டும் வளர்ந்தால், அந்த ஓரத்தில் மறு பயாப்சி.

கேள்வி: தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. பரவிவிட்டதா?

பதில்: சீழ்ப் புண்ணுக்கே நெறி கட்டும். கை வைத்துச் சொல்ல முடியாது. ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி சோதனை செய்யுங்கள். புற்று இல்லை என்று வந்தும், தொற்று அடங்கிய பிறகு நெறி வற்றவில்லையென்றால், திரும்பவும் பார்க்க வேண்டும்.