ஏழு மாதமாகப் பிள்ளைச் செலவுப் பணம் வரவில்லை: பிள்ளையின் அப்பாவை நீதிமன்றக் கண்காணிப்பில் வைப்பார்களா?

அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், அக்கா. உங்கள் அண்ணி சொன்னது டெக்சஸ் வழக்கம். அங்கே பணம் கட்டாவிட்டாலும், பிள்ளையைப் பார்க்கும் ஆணையை மீறினாலும் நீதிபதி ஆளைச் சிறைக்கு அனுப்பாமல் அப்படிக் கண்காணிப்பில் வைக்கலாம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்களுக்குக் கைகொடுப்பது சம்பளத்திலேயே பிடிக்கும் ஆணை. மனைவி, பிள்ளைகளுக்கான செலவுப் பணத்தை வசூலிக்கும் மலேசியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அவருக்குச் செம்பனை ஆலையில் மாதச் சம்பளம் என்கிறீர்கள், அதனால் முதலில் இதைக் கேளுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு பையனை அவரிடம் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பணத்தை நிறுத்த அதுவே காரணமாக இருக்கலாம். அது அவருக்கு நியாயம் ஆகாது. ஆனால் பணம் வேறு, பார்ப்பது வேறு. அனுப்பாவிட்டால் நீங்களும் ஆணையை மீறியதாக ஆகிவிடும், பையனை அனுப்பிவிடுங்கள்.

இன்று ராத்திரியே நீதிமன்ற ஆணையை எடுத்து, தொகை, தேதி, எந்தக் கணக்கு என்று பாருங்கள். அப்புறம் வங்கிப் புத்தகத்தில் பணம் வராத மாதங்களைச் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். என் அக்கா அப்படிக் குறித்த பக்கத்தைப் பார்த்ததும் வக்கீல் வேறு எதுவும் கேட்கவில்லை. வக்கீலுக்கு வசதியில்லை என்றால் அரசின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்குப் போங்கள்.

ஒன்று: மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியை வசூலிக்க முடியாது, தள்ளிப்போடாதீர்கள். அவர் ஆலையை விட்டுக் குத்தகை வேலைக்குப் போய்விட்டால் சம்பளத்தில் பிடிப்பது சிரமம். அப்போது நீதிமன்ற அவமதிப்பு மனு பற்றிக் கேளுங்கள்.